சிவப்பு மையும் புல்லட் வண்டியும்

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவிலுக்குச் செல்லும் பாதையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரரின் புதல்வன் நம்மிடம் ஆங்கிலம் பயிலும் மாணாக்கன். 'என் தந்தையின் தொழில்' என்று வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னோம். முதலாவதாக வருபவனை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

பையன் நன்றாகவே எழுதியிருந்தான். ஆனால், லிட்டர் என்னும் சொல்லை 'ஆர், ஈ' என்று முடிக்காமல் 'ஈ, ஆர்' என்று முடித்திருந்தான். டயருக்கு 'ஒய்' போட வேண்டிய இடத்தில் 'ஐ' போட்டிருந்தான். ஊரெல்லாம் 350 என்றழைக்கும் பழைய புல்லட்டை 346 சி.சி. என்று வேறு குறித்திருந்தான். மூன்றையும் சிவப்பு மையால் சுழித்து மூன்று மதிப்பெண் குறைத்தோம். வேறொருவன் முந்திக்கொண்டான், அவன் பெயரும் போட்டிக்குப் போய்விட்டது.

மறுவாரம் நம் வண்டி நின்றுபோக, அதே கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு போக நேர்ந்தது.

"ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாமா?" என்றார் தகப்பனார். பழைய புல்லட்டின் சிலிண்டரைப் பலகைமேல் வைத்தார். அதன் போர், அதாவது உட்புற விட்டம், 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. பட்டதாரியாகிய நாம் பென்சிலை வாங்கிப் பெருக்கினோம். 346 கன சென்டிமீட்டர்தான் வந்தது! 350 என்பது வாயில் எளிதாக வருவதற்காக வைத்த பெயர். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் 302 கன அங்குல யந்திரத்தை ஐந்து லிட்டர் என்று விற்றார்கள். அதன் உண்மை அளவோ 4,942 சி.சி.

வீடு திரும்பி அகராதிகளைப் புரட்டினோம். 'ஈ, ஆர்' என்பது அமெரிக்க வழக்கு. அந்நாட்டில் நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி, கலர் என்ற சொல்லிலிருந்து 'யு'வை நீக்கியது; சென்டரின் வாலைத் திருப்பிப் போட்டது. டயர் விஷயம் நம்மை இன்னும் வெட்கப்படுத்தியது. பிரிட்டிஷாரே முன்பு 'ஐ' போட்டு எழுதியவர்கள்தாம். 'ஒய்' அங்கே நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்! தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே டயர். (யாழ்ப்பாணத்தார் 'ரயர்' என்பார்கள். அதையும் நாம் சுழித்திருப்போமோ என்னவோ!)

புல்லட்டின் கதையையும் நினைத்துப் பார்த்தோம். அது இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸாருடன் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் அதற்குத் தொழிற்சாலை எழும்பிற்று. 1977-இல் இங்கிருந்தே அதை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். யந்திரத்தை இவ்வளவு துணிவாக நமதாக்கிக்கொண்ட தேசத்தில், அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துக்கு மட்டும் நாம் காவற்காரராக நின்றுகொண்டிருக்கிறோம்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் மூன்று மதிப்பெண்களையும் திருப்பிக் கொடுத்தோம். போட்டிக்குப் போன பெயரை மாற்ற வழியில்லை. பையன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்படியானால் பரீட்சையில் எதை எழுதுவது, ஐயா?" என்றான்.

பிரிட்டிஷ் முறையையே எழுதச் சொன்னோம். திருத்துகிறவர் நம்மைப் போன்றவராக இருந்துவிட்டால் என்ன செய்வது?

"346?" என்றான்.

"அதை மாற்றாதே, தம்பி" என்றோம்.