ஹகோனே மலையின் இரகசியப் பெட்டி



பூட்டு இல்லை; சாவி இல்லை; கீலும் இல்லை. மூடி எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஆறு பக்கமும் கோலம் போட்டது போன்ற மரச் சித்திரம். குலுக்கினால் உள்ளே ஏதோ உருளும் ஓசை மட்டும் கேட்கும். இப்படியொரு பெட்டியை உங்கள் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஜப்பானியர் இதனை 'ஹிமிட்சு பாக்கோ' என்கின்றனர். இரகசியப் பெட்டி என்று பொருள். இது பிறந்த மலைக்குத்தான் இன்று உங்களை அழைத்துச் செல்கிறேன்.

தோக்கியோவில் அதிவிரைவு ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்திற்குள் ஒடவாரா நகரை அடையலாம். அங்கிருந்து மலை ரயிலில் கால் மணி நேரம் சென்றால் ஹகோனே யுமொத்தோ என்னும் வெந்நீர் ஊற்று ஊர் வரும். இனிப் பேருந்துதான். வளைந்து வளைந்து மலை ஏறும் பாதையில், ஆஷி ஏரிக்குப் போகும் வழியில் ஹதாஜுக்கு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே இறங்கிக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் கடைக்குள் நுழைந்துவிடாதீர்கள். ஊரை ஒட்டிச் செல்லும் பழைய கல் பாதையில் சற்று நடந்து பாருங்கள். முன்னாளில் எதோ எனப்பட்ட இன்றைய தோக்கியோவையும் கியோத்தோவையும் இணைத்த தொக்கைடோ நெடுஞ்சாலை இதுதான். 1619ஆம் ஆண்டில் ஷோகன் ஆட்சியினர் ஹகோனேயில் ஒரு சோதனைச் சாவடி அமைத்தனர். தலைநகரை விட்டு வெளியேறும் பெண்களை அங்கே மிகக் கடுமையாகச் சோதிப்பார்கள். சிற்றரசர்களின் மனைவியர் எதோவில் பிணையாக வைக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். செங்குத்தான இந்த மலையை ஏறி இறங்கிய பயணிகள் களைப்பாறிய இடம் ஹதாஜுக்கு. அவர்களுக்குத் தேநீரும், ஊர் திரும்பும்போது கொண்டுபோக மரச் சாமான்களும் விற்றுத்தான் ஊர் பிழைத்தது.

ஹகோனே மலையில் மர வகைகளுக்குப் பஞ்சமில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஹதாஜுக்குவைச் சேர்ந்த இஷிக்காவா நிஹேய் என்பவர் அந்த மரங்களின் இயற்கை நிறங்களைக் கொண்டே சித்திரம் அமைக்கும் கலையைத் தொடங்கி வைத்தார். அதற்கு 'யொசெகி' என்று பெயர். இதில் சாயத்திற்கு வேலையில்லை. வெள்ளைக்கு மிசுக்கி மரம், மஞ்சளுக்கு நிகாக்கி, இலேசான பச்சைக்கு ஹோ மரம், கறுப்புக்கு, நெடுங்காலம் மண்ணுக்குள் புதைந்து கிடந்து கறுத்துப்போன கட்சுரா மரம்.

பல நிற மரங்களை மெல்லிய குச்சிகளாக அறுத்து, ஒன்றோடொன்று பசையிட்டு ஒட்டுவார்கள். ஒட்டியதைக் குறுக்கே அறுத்து, மாற்றி அடுக்கி, மறுபடியும் ஒட்டுவார்கள். கடைசியில் கிடைக்கும் கட்டையின் மேல்முகத்தில் ஆமையோடு, சணல் இலை, கடல் அலை என்று விதவிதமான கோலங்கள் தெரியும். அந்தக் கோலம் கட்டையின் அடிவரைக்கும் இறங்கியிருக்கும். அகலமான இழைப்புளியால் கட்டையை ஒரே இழுப்பில் சீவினால், சுமார் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் மரத்தாள் ஒன்று சுருண்டு வரும். அதனை இஸ்திரி போட்டு நிமிர்த்திப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுவார்கள். இழைப்பவரின் கை சற்று நடுங்கினாலும் தாள் கிழிந்துபோகும்.

இரகசியப் பெட்டி உருவெடுத்தது இதற்குப் பின், அதே நூற்றாண்டின் பிற்பகுதியில். அதன் சூட்சுமத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். பெட்டியின் பக்கப் பலகைகள் ஆணியடித்து இறுக்கப்பட்டவை அல்ல. ஒன்றின் விளிம்பில் உள்ள நாக்கு மற்றொன்றின் பள்ளத்தில் அமர்ந்திருக்கும். முதலில் ஒரு பக்கப் பலகை மட்டும் சில மில்லிமீட்டர் நகரும். அது நகர்ந்தால்தான் அடுத்த பலகைக்கு வழி கிடைக்கும். அடுத்தது நகர்ந்தால் எதிர்ப்பக்கப் பலகை விடுபடும். இப்படி மாறி மாறி நகர்த்தி வந்தால், முடிவில் மேல் பலகை வழுக்கிக்கொண்டு திறக்கும். மூடுவதற்கு அத்தனை அசைவுகளையும் பின்னிருந்து முன்னாகச் செய்ய வேண்டும். நான்கு அசைவில் திறக்கும் பெட்டியும் உண்டு. 10, 21, 54, 72 என்று அசைவுகள் ஏறிக்கொண்டே போகும் பெட்டிகளும் உண்டு. பெட்டியின் நீளத்தைச் 'சுன்' என்ற பழைய அளவில் சொல்வார்கள். ஒரு சுன் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். அசைவுகள் கூடக் கூட, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வெட்டும் பள்ளங்களும் கூடும். ஒன்றில் மயிரிழை பிசகினாலும் பெட்டி முழுவதுமே அடம் பிடிக்கும்.

இந்த ஊருக்கு வந்த சோதனையையும் நீங்கள் அறிய வேண்டும். 1869இல் சாவடி மூடப்பட்டது. 1889இல் தொக்கைடோ ரயில் பாதை திறக்கப்பட்டபோது, அது ஹகோனே மலையை ஏறாமல் கொத்தெம்பா வழியாகச் சுற்றிச் சென்றது. நடைப்பயணியை நம்பிப் பிழைத்த ஊருக்கு இதைவிடப் பெரிய அடி வேறென்ன இருக்க முடியும்? சாலை மாறியதும் ஆளரவம் இன்றி அடங்கிப்போன ஊர்கள் உலகில் ஏராளம். ஹதாஜுக்கு அப்படி அடங்கிவிடவில்லை. வெந்நீர் ஊற்றுகளை நாடி வெளிநாட்டார் வரத் தொடங்கியிருந்தனர்; யொக்கொஹாமா துறைமுகம் வழியாக ஹகோனே மரச் சாமான்கள் கப்பலேறின. வாங்குவோர் மாறினர். தச்சர்கள் தங்கள் தொழிலைக் கைவிடாமல், செய்யும் பொருளை மட்டும் காலத்திற்கேற்ப மாற்றிக்கொண்டனர்.

1984இல் ஜப்பானிய அரசு ஹகோனே யொசெகியை மரபுக் கைவினையாக அறிவித்தது. ஆனால் அரசு தரும் பட்டம் மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றிவிடாது. கற்றுக்கொள்ள இளையவர் வர வேண்டும். கமேய் அக்கியோ என்ற கைவினைஞர் தொடங்கிய 'கராகுரி படைப்புக் குழு'வின் தச்சர்கள், பழைய அசைவுகளோடு நில்லாமல், சாய்த்தால், சுழற்றினால், கவிழ்த்தால் திறக்கும் புதுப்புதுப் பெட்டிகளைச் செய்கிறார்கள். ஹதாஜுக்குவில் உள்ள யொசெகி நிலையத்தில் இழைப்புளி வேலையை நேரிலேயே பார்க்கலாம். பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அவசியம் அழைத்துப் போங்கள். கணக்குப் பாடத்தில் படித்த முக்கோணமும் அறுகோணமும் எதற்குப் பயன்படுகின்றன என்பதை, ஆசிரியர் ஒரு வாரம் சொல்வதைவிடத் தெளிவாக அந்த மரக்கட்டை சொல்லிவிடும்.

பெட்டி வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு ஈரக்காற்றில் மரம் உப்பும். பலகைகள் நகர மறுக்கலாம். அப்போது கத்தியோ திருப்புளியோ தேடாதீர்கள். வெயில் படாத, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்திருந்து, பிறகு விரல் நுனியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். திறக்கும் வழி எழுதிய தாள் பெட்டியோடு வரும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பெட்டிக்குள்ளே மட்டும் வைத்துவிடாதீர்கள்!