பன்னிரண்டு தேசங்கள்

சங்கல்பம் செய்துகொள்வதில் நம் வீட்டுப் பெண்களுக்கு ஈடு இணை கிடையாது. சித்திரை பிறந்ததும் சர்க்கரை இல்லாத காப்பி என்போம். விடியற்காலையில் கோயில் பிரகாரத்தை மூன்று தரம் சுற்றி வருவோம் என்போம். வரவு செலவை எழுதுவதற்கென்று புது நோட்டுப் புத்தகம் வேறு வாங்குவோம். வைகாசியில் வரதர் கருட சேவைக்குப் புறப்படுவதற்குள் காப்பியில் சர்க்கரை ஏறிவிடும். நோட்டுப் புத்தகம் பால்காரர் கணக்காக மாறிவிடும். உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

எங்கள் காஞ்சீபுரத்தில் கணக்கே வேறு. அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் குளத்தை விட்டு வெளியே வருவார். 1979-இல் வந்தார், பிறகு 2019-இல் வந்து 48 நாள் தரிசனம் தந்தார். என் மாமியார் இரண்டு தரமும் சேவித்தவர். அப்படிக் காத்திருக்கத் தெரிந்த ஊரில், ஒரு வருஷத்துச் சங்கல்பம் எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிவிட்டது என் மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் போனில், லண்டனில் ஆன் மார்கன் என்று ஒரு எழுத்தாளர், 2012-ஆம் வருஷம் முழுவதும் உலகத்தில் உள்ள ஒவ்வொரு தேசத்திலிருந்தும் ஒரு புத்தகம் படித்தாராம் என்று சொன்னாள். மொத்தம் 197 புத்தகங்கள். கோலாலம்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்மணி கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்கி அனுப்பினாராம். சாவோ தோமே என்று ஆப்பிரிக்காவை ஒட்டிய குட்டித் தீவு. அங்கிருந்து இங்கிலீஷில் புத்தகமே கிடைக்காமல் போக, யார் யாரோ ஒன்றுகூடி அவருக்காகவே ஒரு புத்தகத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தார்களாம்.

"அவங்களுக்கு லண்டன். எனக்கு எட்டாங்கிளாஸ்," என்றேன்.

"தமிழிலேயே படிம்மா. வருஷத்துக்குப் பன்னிரண்டு தேசம். மாசம் ஒண்ணு. முடியாதா?"

முடியாதா என்று கேட்டால் முடியாது என்று சொல்லும் குணம் எனக்கு இல்லை.

எங்கள் வீடு நெசவாளர் வீடு. இவர் குழித்தறியில் உட்கார்ந்தால், கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போடுகிறவள் நான். ஒரு பாவு ஏற்றினால் மூன்று சேலை. இழையை எண்ணி எண்ணியே பழகிப்போன குடும்பம். பன்னிரண்டைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள்? வீட்டு வரியோடு நூலக வரியும்தான் கட்டுகிறோம். 1948-இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்ததிலிருந்து இருக்கிற ஏற்பாடு அது. கொடுத்த காசுக்குப் பயனை எடுத்துக்கொள்வோமே என்று பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் போனது கொஞ்சம் அலட்சியத்தோடுதான். தமிழில் உலகம் எங்கே இருக்கப் போகிறது என்று நினைத்தேன். பார்த்தால், க.நா. சுப்ரமண்யம் ஒருவரே இங்கிலீஷ் வழியாக நார்வேயையும் ஸ்வீடனையும் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். ஸெல்மா லாகர்லெவ் எழுதியது 'மதகுரு' என்ற பெயரில் இருக்கிறது. இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர். பரிசு வந்தது 1909-இல். எங்கள் ஊர் அறிஞர் அண்ணா பிறந்த வருஷமும் அதுதான். 'வீட்டிற்கோர் புத்தகசாலை' என்று ரேடியோவில் பேசியவர் பிறந்த ஊரில், எங்கள் வீட்டுப் புத்தகசாலையில் அதுவரை இருந்தவை ஒரு பஞ்சாங்கமும் ஒரு சமையல் புத்தகமும்.

டால்ஸ்டாயின் பெரிய நாவலை டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று தமிழாக்கியிருக்கிறார். கையில் எடுத்தேன், கனத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்ப வைத்தேன். பிரான்ஸுக்கு 'குட்டி இளவரசன்' கிடைத்தான். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழில் தந்தது. மெல்லிய புத்தகம். மெல்லிய புத்தகமாகத் தேடி எடுத்தால் பன்னிரண்டும் பங்குனிக்கு முன்பே முடிந்துவிடும் என்று ஒரு கள்ளத்தனம் மனசுக்குள் முளைத்தது உண்மை. ஆனால் அந்தக் குட்டிப் பையன் அப்படி ஒன்றும் லேசில் விடுகிறவன் அல்ல. நாலு நாளுக்குச் சாம்பாருக்கு உப்புப் போட மறந்தேன்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாமியாருக்குப் படித்துக் காட்டுவது என்று ஏற்பாடு. அவருக்குக் கண் மங்கிவிட்டது. எண்பதைத் தொடும் வயசு. எனக்கும் அவருக்கும் சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கொஞ்சல் குலாவலும் கிடையாது. ஒரு விஷயம் மட்டும் என் மனசில் முள்ளாகக் கிடந்தது. 1995 அக்டோபர் 24-ஆம் தேதி காலையில் சூரிய கிரகணம். தீபாவளிச் சமயம். என் மகள் அப்போது வயிற்றில் ஏழு மாசம். மாமியார் என்னை உள் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, தண்ணீர்கூடத் தராமல் கிரகணம் விடும்வரை வாசற்படியில் காவல் இருந்தார். நான் உள்ளேயிருந்து அழுதேன். வெகு நாள் வரை அதை மறக்கவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அடைமழை வந்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், வேலை நின்றுவிடும். கையில் காசு ஓட்டம் இல்லை, ஆனால் நேரம் உண்டு. அப்போதுதான் நார்வேக்குப் புறப்பட்டோம். நட் ஹாம்ஸன் எழுதியது, தமிழில் 'நிலவளம்'. ஈஸாக் என்று ஒருவன், ஆளே இல்லாத காட்டில் போய் நிலத்தைத் திருத்துகிறான். அவனோடு சேர்ந்து குடித்தனம் நடத்த இங்கர் என்று ஒருத்தி வருகிறாள். அவளுக்கு மேலுதடு பிளந்திருக்கும். மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறாள். பானை சட்டி கொண்டுவருகிறாள். இவர் தறியைத் துடைக்கிற பாவனையில் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். நடுவில், "அந்த மாடு கன்னு போட்டுச்சா?" என்று குரல் வரும். ஓலின் என்று ஒரு கோள் மூட்டுகிற கிழவி வந்தபோது, "இவ நம்ம தெருவிலயும் இருக்கா," என்றார். யாரென்று எழுத மாட்டேன்.

இங்கர் கர்ப்பமாக இருக்கும்போது ஒருவன் செத்த முயலைக் கொண்டுவந்து அவள் கண்ணெதிரே காட்டுகிறான். கர்ப்பிணி முயலைப் பார்த்தால் குழந்தைக்கு முயல் போல உதடு பிளந்துவிடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. குழந்தை அப்படியே பிறக்கிறது. பெண் குழந்தை. தான் பட்ட கேலியெல்லாம் இதுவும் படவேண்டுமா என்று தாயே அதன் மூச்சை நிறுத்திவிடுகிறாள்.

"நிறுத்தும்மா," என்றார் மாமியார்.

தூக்கம் வந்துவிட்டதோ, அல்லது அருவருப்போ என்று நினைத்துப் புத்தகத்தை மூடினேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அங்கே முயலா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "இங்கே கிரகணம்னு சொன்னாங்க."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். இவருக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்ததாம். உதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்ததாம். மார்பில் வாய் வைத்தால் பால் வாங்கத் தெரியவில்லை, வழிந்துவிட்டது. பதினோரு நாள். "கிரகணத்தன்னிக்கு நீ அரிவாள்மணை எடுத்தே, அதான்," என்று அவருடைய மாமியார் சொன்னாராம். அரிவாள்மணையைத் தொட்டாரா இல்லையா என்பதே அவருக்கு நினைவில்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி, தொட்டது போலவே ஆகிவிட்டது. குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. அப்புறம் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

"நான்தானே கொன்னேன். அவளாவது கையால செஞ்சா," என்றார்.

அடுத்த அறையில் துணி துடைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது ஐம்பத்தேழு வயசில் அன்றைக்குத்தான் இவருக்குத் தெரியும்.

நான் எட்டாங்கிளாஸ்தான். ஆனாலும் தெரிந்ததைச் சொன்னேன். உதடு கூடுவது கர்ப்பத்தின் முதல் இரண்டு மாசத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிற காரியம். கூடாமல் போனால் அது முயலாலும் இல்லை, ராகுவாலும் இல்லை, அரிவாள்மணையாலும் இல்லை. சில குடும்பத்தில் வழிவழியாக வரும். பல சமயம் காரணமே புலப்படாது. இந்தக் காலத்தில் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆபரேஷன் செய்து தைத்துவிடுகிறார்கள். அதுவரைக்கும் பாலாடையால் பால் புகட்டினால் குழந்தை பிழைத்துக்கொள்ளும்.

"பாலாடையாலா?" என்றார். "நம்ம வீட்டிலயே இருந்துச்சே."

இதற்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு 1995-ஆம் வருஷத்து ஜன்னல் சாக்கு ஞாபகத்துக்கு வந்தது. காவல் இருந்தவர் எதற்குக் காவல் இருந்தார் என்று இத்தனை வருஷம் கழித்து, அதுவும் நார்வேக்காரர் ஒருவர் சொல்லித் தெரியவேண்டியிருந்தது.

மறுநாள் ராத்திரி அவரே, "அவளை ஜெயில்ல போட்டாங்களா?" என்று ஆரம்பித்துவைத்தார். போட்டார்கள். அங்கே அவளுடைய உதட்டைச் சரிசெய்து தைத்தார்கள்; தையலும் கற்றுக்கொண்டு திரும்பி வந்தாள். ஈஸாக் அவளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். அந்த இடத்தை மாமியார் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

ஹாம்ஸனுக்கு 1920-இல் நோபல் பரிசு வந்தது. பின்னாளில் மனுஷர் ஹிட்லர் பக்கம் சாய்ந்து, 1943-இல் அந்தப் பதக்கத்தையே கெப்பல்ஸுக்கு அனுப்பிவைத்தார் என்று மகள் போனில் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. இவர்தான், "நல்லா நெய்யறவன் எல்லாம் நல்லவனாவா இருக்கான்?" என்று சொல்லிவிட்டு நாடாவை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் நைஜீரியாவுக்குப் போனோம். சினுவா அச்சிபியின் நாவல், என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்த்த 'சிதைவுகள்'. சேனைக்கிழங்கு மாதிரி ஒரு கிழங்கை வைத்து ஒருவனுடைய அந்தஸ்தை அளக்கிறார்களே என்று மாமியாருக்கு ஒரே ஆச்சரியம். நாம் சேலைக் கரையின் அகலத்தை வைத்து அளப்பதில்லையா என்றேன். கொலம்பியாவில் மட்டும் தோற்றுப்போனோம். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' முழுக்க அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு வரதராஜன் இருப்பதால் எனக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. மாமியார்தான், "எந்த அவுரேலியானோன்னு அடையாளம் சொல்லிப் படி," என்று சண்டைக்கு வந்தார். நூறு பக்கத்தில் நிறுத்தினோம்.

பங்குனி வந்தது. கணக்குப் பார்த்தால் ஏழு தேசம். ஸ்வீடன்காரர்கள் இரண்டு பேர் எழுதியதைப் படித்திருந்தும் தேசம் ஒன்றுதான் என்று மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்தச் சமயத்தில் எனக்குக் கைகொடுத்தவர் யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் எங்கள் காஞ்சிக்கு வந்து போன அதே சீன யாத்திரிகர்தான். 645-இல் ஊர் திரும்பியபோது 657 நூல்களைக் குதிரைகள்மேல் ஏற்றிக்கொண்டு போனார். 664-இல் காலமாகும் வரை பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து மொழிபெயர்த்தும், முடித்தது சுமார் எழுபத்தைந்துதான். பன்னிரண்டில் ஏழு என்றால் என் கணக்கு அவருடையதைவிட எவ்வளவோ மேல்.

இதை மகளிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். மாமியார் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"ஏழுன்னு எழுதாதேம்மா. எட்டுன்னு எழுதிக்கோ," என்றார் பேத்தியிடம். "அந்த நார்வேக்கு நாங்க ரெண்டு தரம் போயிட்டு வந்துட்டோம். சித்திரையில மூணாந் தரமும் போகணும்னு உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."