மருந்தின் ஐந்தாவது உறுப்பு

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புக்களை வகுத்திருக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அதனை அருகிலிருந்து கொடுப்பவன் என்பன அவை. இதனை வகுப்பறையிலே மாணவருக்குப் பலமுறை விளக்கியிருக்கின்றோம். இந்நான்கும் ஓரூருக்குள்ளேயே, பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணையிலேயே, ஒருங்கே கிடைத்த காலம் அது. நோயாளி யாழ்ப்பாணத்திலும், வைத்திய நிபுணர் கொழும்பிலும், மருந்து செய்யும் சாலை கடல் கடந்த நாடொன்றிலும் இருக்கும் இக்காலத்திலே ஐந்தாவது உறுப்பு ஒன்றையுஞ் சேர்த்தெண்ணுதல் வேண்டும். அதற்கு வழி என்று பெயர். 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளிலே கொரோனா என்னுங் கொள்ளைநோய் வழிகளையெல்லாம் அடைத்தபோது இவ்வுண்மையை நாம் நூலினாலன்றி உடம்பினாலே கற்றோம்.

எமக்கு 2018ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது இரத்தப் புற்றுநோயில் ஒருவகை. என்பு மச்சையிலே வெண்குருதிக் கலங்கள் கட்டுக்கடங்காமற் பெருகுதல் அதன் இயல்பு. இந்நோயாளரின் கலங்களிலே குறுகிப்போன நிறமூர்த்தம் ஒன்று காணப்படுதலை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே ஆய்வாளர் இருவர் கண்டறிந்தனர். எனினும், 2001இல் இமற்றினிப் என்னும் வில்லை பாவனைக்கு வரும்வரை, இந்நோய் பெரும்பாலோரைச் சில ஆண்டுகளுக்குள் கொண்டுபோகும் நோயாகவே இருந்தது. இன்று அவ்வில்லையை நாள்தோறும் உட்கொள்வோர் பலர் மற்றையோரைப் போலத் தொழில் புரிந்து, பிள்ளைகளைப் படிப்பித்து, வீடு வாசல் பார்த்து வாழ்கின்றனர். நாமும் காலை எட்டு மணிக்குக் கல்லூரிக்குச் சென்று, சுண்ணக்கட்டியும் கையுமாக நின்று, மாலையிலே வீடு திரும்பி வந்தோம். எம்மைப் பார்ப்பவர் எவரும் நோயாளி என்று சொல்லமாட்டார்.

அவ்வாழ்வுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வில்லை தவறலாகாது, குறித்த காலத்திலே இரத்தத்தைச் சோதித்து, நோய் அடங்கிக் கிடக்கின்றதா, தலைதூக்குகின்றதா என்று அறிதல் வேண்டும். எமக்குச் சோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அது கொழும்பிலேதான் நடைபெறும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம் பிரயாணஞ் செய்தோம். 1956இல் ஓடத் தொடங்கி, யுத்தத்தினாலே 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தி, 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலே மீண்டும் வந்து சேர்ந்த யாழ்தேவியே எமக்கு வாகனம். ஆனையிறவு உப்பளத்தையும் வவுனியாக் காடுகளையும் யன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டே செல்வோம். மற்றையோருக்கு அது பிரயாணம். எமக்குச் சிகிச்சையில் ஒரு பகுதி. வில்லையை விழுங்குவது எவ்வளவு வைத்தியமோ அவ்வளவு வைத்தியம் அந்த றெயில் ஆசனமும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. சில நாட்களில் நீங்கிவிடும் என்று எண்ணியிருந்தோம். யாழ்ப்பாணம் அபாயம் மிக்க மாவட்டங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டமையால், இங்கே அது வாரக்கணக்கில் நீடித்தது. கொழும்பு, கம்பகா மாவட்டங்களிலோ மே 26ஆந் திகதி வரையும் நீங்கவில்லை. றெயில் இல்லை; பஸ் இல்லை; மாவட்ட எல்லையைக் கடக்க அனுமதியில்லை. அன்றிரவு இல்லாள் மருந்துப் போத்தலை விளக்கடியிலே கவிழ்த்து எண்ணிவிட்டு, “இஞ்சருங்கோ, பதினேழுதான் கிடக்கு” என்றாள். அதன்பின் அவள் ஒவ்வோரிரவும் எண்ணினாள். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னது முதல் நாளில் மாத்திரமே.

நாம் அனுமதி கேட்டுச் சென்ற இடம் எது என்பது இங்கு வேண்டியதில்லை. அங்கிருந்த உத்தியோகத்தர் பண்பாகவே பேசினார். கிளினிக் கொப்பியை முகக்கவசத்துக்கு மேலாகப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், அவசரமெண்டால் அம்புலன்சிலை போகலாம். அவசரமில்லையெண்டால் எல்லாம் திறந்தாப்போலை ஆறுதலாய்ப் போகலாம்” என்றார். அவர் சொன்னதில் சட்டத்துக்கு மாறானது ஒன்றுமில்லை. அவர் கையிலிருந்த படிவத்திலே அவசரம், அவசரமின்மை என்னும் இரண்டே கட்டங்கள் இருந்தன. நாட்பட்ட நோயாளி இவ்விரண்டு கட்டத்துள்ளும் அடங்காதவன். இன்று போகாவிட்டால் இன்று சாகமாட்டான். ஆகவே அவனுக்கு அவசரமில்லை. எப்பொழுதும் போகாமல் இருந்தாலோ ஒருநாள் அம்புலன்சுக்கு உரியவனாகிவிடுவான். அந்நாள் வருமுன்னே தடுப்பதற்காகத்தான் அவன் பிரயாணஞ் செய்கின்றான். அடைபட்ட வழியைக் கண்டு எமக்குண்டான சினத்தின் வேர் இதுவே. எமது நோய் கொடியது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டனர். எமது பிரயாணம் அதன் மருந்து என்பதை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆறுதல் கூறியவர்கள் பலர். “எல்லாருக்கும் உள்ள துன்பந்தானே” என்றார் நண்பர் ஒருவர். அவர் தம் மைத்துனியின் கலியாணத்துக்குப் போக முடியாதிருந்தவர். அவருடைய ஏமாற்றமும் மெய்யானதே. ஆயினும் ஒரே மழை பெய்கின்றதென்பதனால் ஓட்டு வீட்டுக்காரனும் கூரையற்றவனும் ஒருவாறே நனைவதில்லை. அயலிலுள்ள பெரியவர் வேலிக்கு அப்பால் நின்று, “தம்பி, இரவிரவாய்க் கிளாலிக் கடலைக் கடந்த சனம் நாங்கள். இதென்ன பெரிய காரியமே?” என்றார். அவர் சொன்னதும் பொய்யன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்திலே நோயாளரையும் கர்ப்பிணிகளையும் படகிலேற்றி அக்கடல்நீரேரியைக் கடந்த குடும்பங்கள் எமது ஊரிலே பலவுண்டு. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டிலே ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. வழி அடைபடுதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆயின், முன்பட்ட துன்பத்தை அளவுகோலாக வைத்து இன்றைய துன்பத்தைச் சிறிதென்று கூறிவிட்டால், எந்தத் துன்பத்துக்கும் பரிகாரந் தேடவேண்டிய அவசியமே இல்லாமற் போய்விடும்.

அந்நாட்களிலே எம்மிலும் கடினமான நிலையில் இருந்தோர் உண்டு. இரத்தஞ் சுத்திகரிக்க வாரத்தில் இருமுறை, மும்முறை வைத்தியசாலை சேரவேண்டிய சிறுநீரக நோயாளருக்கு ஒருநாட் தாமதமும் பெரும் அபாயம். சென்னைக்குச் சென்று சிகிச்சை பெற்று வந்தோருக்கும் இடையில் வழி அறுந்தது. பலாலி விமான நிலையம் 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரிலே சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியபோது, இனிக் கொழும்பைச் சுற்றவேண்டியதில்லை என்று மகிழ்ந்தவர்களில் நோயாளரும் இருந்தனர். 2020 மார்ச்சிலே நின்ற அச்சேவை மீண்டும் தொடங்கியது 2022ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் திகதியிலேயே.

இவ்விடத்திலே ஒன்றை மறைக்காமற் சொல்லல் வேண்டும். ஊரடங்கை நாம் வெறுத்தோம். அதே ஊரடங்கு எம்மைக் காத்தது என்பதும் மெய். புற்றுநோயோடு வாழ்பவனை இத்தொற்று பற்றினால் மற்றையோரிலும் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதை வைத்தியர்கள் அப்பொழுதே எச்சரித்தார்கள். தடுப்பூசி வராத காலம் அது. வழி திறந்திருந்தால் அவ்வழியாலே எமக்கு மருந்தும் வந்திருக்கும், கிருமியும் வந்திருக்கும். 1377ஆம் ஆண்டிலே, கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை 30 நாட்கள் புறத்தே நிறுத்தவேண்டுமென்று அட்ரியாற்றிக் கடற்கரையிலுள்ள ரகுசா நகரத்தார் விதித்த காலந்தொட்டு, பயணத்தைத் தடுத்தலே கொள்ளைநோய்க்குக் காவல் என்று உலகம் கண்டுகொண்டது. ஆகவே கதவைப் பூட்டியதன்மேல் எமக்குக் குறையில்லை. பூட்டியவர்கள், வெளியே வந்துதான் தீரவேண்டியவன் ஒருவன் உள்ளே இருக்கின்றான் என்பதை எண்ணித் திறப்பொன்றைச் செய்து வைத்திருக்க வேண்டும் என்பதே குறை.

அத்திறப்பைச் சிலர் தாமாகவே செய்தனர். அரசாங்க வைத்தியசாலைகள் கிளினிக் நோயாளரின் மருந்தைத் தபாலிலே அனுப்பும் ஏற்பாடு ஒன்று அந்நாட்களிலே செய்யப்பட்டது. எமது போத்தலிலே மூன்று வில்லைகள் எஞ்சியிருந்த நாளன்று, வெறிச்சோடிய ஒழுங்கையிலே சைக்கிள் மணிச்சத்தம் கேட்டது. தபாற்காரர் பொதியைப் படலையின்மேல் வைத்துவிட்டு, இரண்டு பாகம் விலகி நின்று, “சேர், மருந்தெண்டு எழுதிக் கிடந்தது. அதுதான் முதல் இஞ்சை வந்தனான்” என்றார். அவர் எம்மிடம் படித்த மாணவரல்லர். எமது நோயை அறிந்தவருமல்லர். பொதியின்மேல் எழுதியிருந்த ஒரு சொல்லை வாசித்து, அதன் பொருளை உணர்ந்தவர். வள்ளுவர் கூறிய நான்காவது உறுப்பும் நாம் கூறும் ஐந்தாவது உறுப்பும் அன்று ஒரு சைக்கிளிலே சேர்ந்து வந்தன.

மருந்து வந்தது, சோதனை வரவில்லை. ஏப்பிரிலிலே செய்திருக்க வேண்டிய இரத்தப் பரிசோதனையை ஆகஸ்டிலேயே செய்ய முடிந்தது. முடிவு வந்தபோது, அடங்கியிருந்த எண் ஏறியிருந்தது. ஏப்பிரிலிலேயே ஏறத் தொடங்கிற்றா, யூலையிலா என்று வைத்தியரைக் கேட்டோம். அதைச் சொல்ல ஒருவராலும் இயலாது என்றார் அவர். எவர்மீதும் குற்றஞ் சாட்டுவதற்கு எமக்கு அதில் இடமில்லை. ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. பழைய வில்லை மாற்றப்பட்டது. புதிய மருந்தை நாளுக்கு இருமுறை, வெறுவயிற்றிலே, முன் இரண்டு மணித்தியாலமும் பின் ஒரு மணித்தியாலமும் உணவு கொள்ளாமல் உட்கொள்ளல் வேண்டும். கல்லூரி மணியைப்போல வீட்டிலும் ஒரு நேரசூசி உண்டாயிற்று. எண் மெல்ல இறங்கியது. இன்றும் வகுப்பறையிலே நிற்கின்றோம்.

2021ஆம் ஆண்டு மே 21ஆந் திகதி தொடங்கி ஒரு மாதம் மீண்டும் பயணத்தடை. ஆகஸ்ட் 20ஆந் திகதி தொடங்கி ஒக்டோபர் முதலாந் திகதி வரை மீண்டும் ஊரடங்கு. அப்பொழுது நடந்தது வேறு. இவ்விடத்து இளம் வைத்தியர் ஒருவர் எமது இரத்தத்தை இங்கேயே எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து, தெற்கே சென்ற வைத்தியசாலை வாகனத்திலே ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். 400 கிலோமீற்றர் தூரத்தை நோயாளி கடக்கவேண்டிய இடத்திலே ஒரு சிறு கண்ணாடிக் குழாய் கடந்தது. இவ்வளவு எளிய காரியம் முதலாம் ஆண்டிலே ஒருவருக்குந் தோன்றாமற் போனதே என்று எண்ணி அன்று சிரிப்பதா, அழுவதா என்று அறியாதிருந்தோம்.

கொள்ளைநோய் தணிந்தது. ஆனால் வழி அடைபடுவதற்குக் கொள்ளைநோய் ஒன்றே காரணமன்று. 2022ஆம் ஆண்டிலே எரிபொருட் பஞ்சம் வந்தபோது வாகனங்கள் மைல்கணக்கில் வரிசையில் நின்றன. அவ்வரிசைகளின் பின்னே கிளினிக் திகதி தவறிய நோயாளரும் நின்றனர். வெள்ளம் வரலாம், புயல் வரலாம், வேலைநிறுத்தமும் வரலாம். ஆதலால் சில ஏற்பாடுகளை நல்ல காலத்திலேயே செய்துவைத்தல் அறிவுடைமை. நாள் தவறாது மருந்து உண்ணும் நோயாளர் கையிலே ஒரு மாத மருந்தாவது மேலதிகமாக இருத்தல் வேண்டும். அனுமதிப் படிவங்களிலே அவசரம், அவசரமின்மை என்னும் இரண்டோடு, தவணை தவறலாகாத சிகிச்சை என மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும். இரத்தம் பிரயாணஞ் செய்யக்கூடிய சோதனைகளுக்கு நோயாளியைப் பிரயாணஞ் செய்விக்கலாகாது.

இவை அரசாங்கத்தார் செய்யவேண்டியவை. மாணவர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. உங்கள் ஒழுங்கையிலே நீரிழிவுக்கு ஊசி போடும் பாட்டி யார், வலிப்புக்கு மருந்து உண்ணும் பிள்ளை எந்த வீட்டிலே, வாரந்தோறும் வைத்தியசாலைக்குப் போகும் மாமா யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதாயின் பெற்றோரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை வழிகள் அடைபடும் நாளிலே படிவங்களும் கட்டளைகளும் வந்துசேர வாரங்கள் செல்லலாம். சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளையொன்று படலைக்கு வந்து, “மருந்து எத்தனை நாளைக்குக் கிடக்கு?” என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.