நரம்பு கிடைக்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். நர்சிங் முடித்து வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காப்பியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "நேத்து ஒரு வயசான அம்மாவுக்கு ட்ரிப்ஸ் போட மூணு தடவ குத்திட்டேன் தாத்தா. அவங்க ஒரு வார்த்த சொல்லல. அதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றாள்.

ஆறு வருடத்துக்கு முந்தைய கதை ஒன்றை அவளிடம் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இரண்டு நாளாக வாந்தியும் பேதியும். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்பில் தண்ணீர் வற்றினால் நரம்பும் ஒட்டிப்போகும். நாம் நரம்பு என்று சொல்வது ரத்தக் குழாயைத்தான். புத்தகத்தில் சிரை என்று போடுகிறார்கள். நான் ஊர் வழக்கிலேயே எழுதுகிறேன். சின்ன வயது சிஸ்டர் ஒருத்தி வந்து மூன்று இடத்தில் குத்திப் பார்த்தாள். இரண்டு தடவை நரம்பு நழுவி விலகியது. ஒரு தடவை உடைந்து அந்த இடமே நீலமாக வீங்கியது. "அப்புறம் பெரிய சிஸ்டர் வந்து ஒரே தடவையில் போட்டுவிட்டார்" என்று கதையை முடிக்கப் போனேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நீங்க கத்தினதையும் சேத்துச் சொல்லுங்க."

உண்மைதான். மூன்றாவது தடவைக்கு முன்னால் "படிச்சுட்டுத்தான் வந்தியா, இல்ல எங்க மேல பழகிக்கிறியா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் கை நடுங்கியதை நானே பார்த்தேன். மூன்றாவது குத்து தப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'வென்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று ரத்தக் குழாய், இன்னொன்று அதிர்ஷ்டம். அதுவரை நானும் நரம்பு கிடைப்பது அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தேன். பெரிய சிஸ்டர் வேலை செய்ததைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

அவர் வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முன்னாடி எந்தக் கையில சுலபமா கெடச்சுதும்மா?" என்று கேட்டார். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, சூடு பொறுக்கிற அளவா என்று பார்த்து, முன்னங்கையில் சுற்றினார். கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொன்னார். அந்தச் சின்னப் பெண்ணையும் போகவிடாமல் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தார்.

டூர்னிக்கெட் என்கிற ரப்பர் பட்டையைக் குத்தும் இடத்துக்கு நாலு விரற்கடை மேலே கட்டினார். கட்டிய பிறகும் மணிக்கட்டில் நாடி தெரிய வேண்டுமாம். வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி இருப்பதால் ரவிக்கைக் கையின் மேலேயே கட்டினார். ரொம்ப இறுக்கினால் ஊசி பட்டதும் நரம்பு உடைந்துவிடும். நரம்பைத் தேட நேரமானால் பட்டையை அவிழ்த்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி கட்ட வேண்டும்.

"கண்ணால தேடாத, விரலால தேடு" என்றார். நரம்பு ரப்பர் குழாய் மாதிரி அமுங்கி எழும். தசைநார் கயிறு மாதிரி கெட்டியாக இருக்கும். துடித்தால் அது தமனி, தொடக்கூடாது. கையைத் தட்டித் தட்டி நரம்பை எழுப்பக் கூடாது. கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே குத்தித் தப்பிவிட்டுக் கீழே போட்டால், ஏற்றுகிற தண்ணீர் மேலே உள்ள ஓட்டை வழியே கசியும். முழங்கை மடிப்பில் போட்டால் கையை மடக்கும்போதெல்லாம் ஓட்டம் நிற்கும். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த கையில் போடவே கூடாது.

வென்ஃப்ளானில் பச்சை, பிங்க், நீலம், மஞ்சள் என்று நிறம் உண்டு. அளவு 18, 20, 22, 24. எண் கூடினால் குழாய் மெல்லிசு. என் மனைவிக்கு நீலத்தை எடுத்தார். ஸ்பிரிட் தடவி, அது காய்கிற வரை காத்திருந்தார். ஈரத்தோடு குத்தினால் எரியுமாம். இடது கட்டைவிரலால் தோலைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடித்தார். நரம்பு ஓடாமல் நிற்பது அந்தப் பிடியில்தான். "இப்ப குத்தப் போறேம்மா" என்று சொல்லிவிட்டு, தாழ்வான சாய்வில் ஊசியை விட்டார். ரத்தம் தெரிந்ததும் ஊசியை இன்னும் படுக்க வைத்து, மயிரிழை அளவு முன்னே நகர்த்தி, பிளாஸ்டிக் குழாயை மட்டும் உள்ளே தள்ளினார். பட்டையை அவிழ்த்த பிறகுதான் ஊசியை உருவினார். உருவிய ஊசியைத் திரும்ப அதே குழாய்க்குள் விடவே கூடாது, குழாயையே அறுத்துவிடும் என்று அழுத்திச் சொன்னார். கடைசியில் கொஞ்சம் சலைன் செலுத்தி, வீங்குகிறதா, வலிக்கிறதா என்று பார்த்தார்.

வெளியே போகும்போது அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "ரெண்டு தடவ தப்புச்சுன்னா நிறுத்திட்டு என்னக் கூப்புடு. கூப்புடறதுல கேவலம் இல்ல."

இரண்டாம் நாள் அந்த இடம் வீங்கி, வேறு இடத்தில் போட வேண்டி வந்தது. நான் பெரிய சிஸ்டரைக் கூப்பிட எழுந்தேன். என் மனைவி தடுத்தாள். "அந்தச் சின்னப் பொண்ணயே வரச் சொல்லுங்க. நீங்க வெளிய போய் நில்லுங்க."

நின்றேன். ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது. ஒரே தடவையில் போட்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேகமாகப் போனாள். மன்னிப்புக் கேட்க நினைத்தேன், நாக்கு எழவில்லை. டிஸ்சார்ஜ் அன்று தேடினேன், அவளுக்கு ஆஃப். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நான் மருத்துவம் அறிந்தவன் அல்ல. இதெல்லாம் பேத்திக்குப் பாடமாகவே வந்திருக்கும். பாடத்தில் இருக்காது என்று நினைத்து இன்னொன்று சொன்னேன். தப்பிவிட்டால் "மன்னிச்சுக்குங்க, உங்க நரம்பு கொஞ்சம் நழுவுது" என்று வாய் திறந்து சொல்லிவிடு. பக்கத்தில் யாராவது கத்தினால் அவரை வெளியே போய் நிற்கச் சொல்லு. என்னை மாதிரி ஆள்தான், போய்விடுவார்.

அவள் சிரித்தாள். ஆறிய காப்பியைக் குடித்தாள். என் மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டினாள். "இந்தா, கண்ண மூடிக்கிட்டுத் தேடு."

பேத்தி கண்ணை மூடிக்கொண்டு, முழங்கையிலிருந்து புறங்கை வரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே விரல் நின்றது.

"இங்க ஒண்ணு இருக்கு ஆயா."

"அதேதான். அந்தப் பொண்ணும் அங்கதான் போட்டா" என்றாள் என் மனைவி.