கையைப் பார்த்து எழுதுங்கள்

அபுனைவு எழுத்தைக் கற்பிக்கும்போது நான் மாணவர்களுக்குத் தரும் முதல் பயிற்சி இது: கைத்தொழில் செய்யும் ஒருவர் அருகே பாதி நாள் உட்காருங்கள். கேள்வி வேண்டாம், கைகளை மட்டும் பாருங்கள்.

உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலைச் சிற்பிகளை எடுத்துக்கொள்வோம். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அங்க அளவுகளைக் குறிக்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்துவிடுவதால் அதே அச்சில் இன்னொரு சிலை பிறக்காது. பிறகு உளி வேலை தொடங்கும்.

அபுனைவும் இப்படித்தான். ஓலை அளவுபோல உண்மை நம்மைக் கட்டுப்படுத்தும். நடக்காததைச் சேர்க்க உரிமை இல்லை. எதை முன்னால் வைப்பது, எதைச் செதுக்கி நீக்குவது என்பதில்தான் கலை இருக்கிறது. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய தமிழறிஞர் உ.வே.சா.வின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ இதற்குச் சிறந்த பாடநூல். ஏடு, எழுத்தாணி, ஆசிரியர் வீட்டுத் திண்ணை என்று கண்டதையும் தொட்டதையும் சொல்லியே ஒரு காலத்தை எழுப்பிவிடுகிறார்.

“அழகான வேலைப்பாடு” என்று எழுதும் மாணவரிடம், “விரல் என்ன செய்தது?” என்று கேட்பேன். அங்கிருந்துதான் நல்ல வாக்கியம் தொடங்குகிறது.

எழுத விரும்பும் நண்பர்களே, உங்கள் ஊர்த் தறியையோ குயவர் சக்கரத்தையோ இந்த வாரமே போய்ப் பாருங்கள். பார்த்ததை ஒரு பக்கம் எழுதுங்கள்.