திரையில் எழுந்த தீ

கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் மின்சுற்று வரைந்தே பல்லாண்டுகள் பாடம் நடத்தியவர்கள் நாங்கள். கம்பியினுள் ஓடும் மின்னோட்டத்தை மாணவர் கண்முன் நிறுத்தும் ஆற்றல் எங்கள் கோடுகளுக்கு இருந்ததில்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் இணையக் கருவி அக்குறையை நீக்கிற்று.

மாணவர் திரையில் மின்கலத்தையும் விளக்கையும் கம்பியால் இணைக்கின்றனர், எலெக்ட்ரான்கள் நகர்கின்றன, விளக்கு ஒளிர்கிறது. மின்கலத்தின் இரு முனைகளையும் வெறுங்கம்பியால் நேரே இணைத்தாலோ தீ எழுகிறது. அது எவர் கையையும் சுடுவதில்லை. தவறிவிடுவோமோ என்னும் அச்சத்தால் வாய் திறவாதிருந்த கடைசி வரிசைப் பிள்ளைகளே முதலில் அத்தீயை மூட்டினர். “ஏன் எரிகிறது?” என்னும் வினாவையும் அவர்களே எழுப்பினர்.

ஆயினும், கருவி தீயைக் காட்டுமேயன்றி, பிள்ளையின் வினாவுக்குச் செவிசாய்க்க அறியாது. மின்தடை குறையின் மின்னோட்டம் பெருகும் என்னும் விடையை உடனே உரைத்துவிடாது, சுற்றில் மின்தடையைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லிப் பொறுத்திருப்பது எங்கள் கடன். திரைக்கு முன் கிட்டிய அந்த அச்சமின்மையை, திரை அணைந்த பின்னரும் அப்பிள்ளைகளுக்கு நாங்கள் காத்துத் தர வேண்டாவா?