குத்தாலத்துச் சிறுதேர்

குத்தாலம் என்றதும் அருவியையும் எண்ணெய்க் குளியலையும் நினைத்துக்கொள்ளும் நேயர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். தென்காசிக்குப் பக்கத்திலுள்ள குற்றாலமும் பேச்சு வழக்கில் குத்தாலமாகிவிட்டபடியால் இந்தக் குழப்பம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நாம் சொல்லும் குத்தாலத்தில் அருவி கிடையாது, மலை கிடையாது. மலை என்று மரியாதைக்குச் சொல்லக்கூடிய ஒரு மேடு கூடக் கிடையாது. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, காவிரியின் தென்கரையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயலும் வாய்க்காலுமாகப் பரந்து கிடக்கும் சமவெளியில் அமைந்த சிற்றூர் இது. சைக்கிள் விடுவதற்கென்றே பகவான் சமன்படுத்தி வைத்த பூமி என்று சொன்னாலும் தகும்.

தேவாரத்தில் இவ்வூருக்குத் திருத்துருத்தி என்று பெயர். ஆற்றின் நடுவே அமைந்த திட்டைத் துருத்தி என்பார்கள். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய ஸ்தலம். ஸ்தல புராணமோ ஒரு தகப்பனாரையும் ஒரு பெண்ணையும் பற்றியது. பரத முனிவர் செய்த வேள்வியில் அம்பிகை குழந்தையாகத் தோன்றி, அவர் வீட்டுப் பெண்ணாக வளர்ந்து, காவிரி மணலில் லிங்கம் பிடித்துப் பூஜை செய்து வந்தாளாம். இறைவன் எதிரே தோன்றிக் கையைப் பற்றினார். அந்தப் பெண் மயங்கிவிடவில்லை. "என் தகப்பனாரிடம் வந்து முறைப்படி கேளுங்கள்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னபடியே அவரும் நடந்துகொண்டதால் அவருக்குச் சொன்னவாறறிவார் என்ற திருநாமம் ஏற்பட்டது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள திருமணஞ்சேரியில் கல்யாணம் நடந்தது. புறப்படும்போது தமக்குக் குடையாக வந்த உத்தால மரத்தையும் கால் பாதுகைகளையும் இங்கேயே விட்டுவிட்டார். அந்த உத்தாலந்தான் ஊர்ப் பெயரில் நிற்கிறது. செருப்பை விட்டுவிட்டவர் பிறகு எப்படிப் பிரயாணம் செய்தார் என்று கேட்கும் குறும்பர்களுக்குப் பதில், அவரிடம் சொந்த வாகனம் இருந்தது என்பதே.

நாம் போய்ச் சேர்ந்தது ஆடிப் பதினெட்டு அன்று. மேட்டூரில் திறந்த தண்ணீர் நுங்கும் நுரையுமாய் வந்திருந்தது. ஸ்திரீகள் துறையில் காதோலை கருகமணி வைத்து, புது மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிறுவர்கள் சப்பரம் இழுத்தார்கள். சப்பரத்தை அறியாத பட்டணவாசிகளுக்காக ஒரு வார்த்தை: நாலு மரச் சக்கரங்களின் மேல் மூங்கில் தட்டி கட்டி, வர்ணக் காகிதம் ஒட்டி, ஸ்வாமி படம் வைத்து, கயிறு கட்டிக் கடகடவென்று தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். தஞ்சை ஜில்லாக் குழந்தைகளின் ரதோற்சவம் அது.

இந்தச் சப்பரங்களைப் பார்த்துக்கொண்டே கடைத்தெருப் பக்கம் திரும்பியபோதுதான், பஞ்சர் ஒட்டும் கடை ஒன்றின் வாசலில் அந்தச் சைக்கிள் நின்றது.

பழைய கறுப்பு சைக்கிள்தான். பால்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த ஜாதி. ஆனால் கறுப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. கம்பி முழுவதும் மஞ்சளும் பச்சையுமான பிளாஸ்டிக் ஒயர் வரிந்து சுற்றியிருந்தது. இரண்டு சக்கரங்களின் அச்சிலும் ஏழு வர்ணக் குஞ்சம். ஆரக்கால்களில் கோத்த மணிகள் சக்கரம் அசையும்போதெல்லாம் சளசளவென்று சரிந்து விழுந்தன. கைப்பிடிகளில் காகிதக் காற்றாடிகள்; விளக்கின் நெற்றியில் ஒரு மயிலிறகு; பின் மட்கார்டில் "அவசரம் வேண்டாம்" என்று வளைந்து வளைந்து எழுதிய ஒரு வாசகம். எல்லாவற்றுக்கும் மேலாக, முன் மட்கார்டின் மூக்கில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஒன்று உட்கார்ந்து, வருவோர் போவோருக்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"யாருடைய வண்டி அப்பா இது?" என்று கடைக்காரரைக் கேட்டோம்.

"வண்டி பெரியவருதுங்க. ஜோடிச்சது அவரு பேத்தி. நாலாங் கிளாஸ் படிக்குது. அது சொல்றதைக் கட்டலேன்னா அவரு வண்டியை எடுக்க முடியாது" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

நாம் அந்த இடத்தை விட்டு நகரச் சிறிது நேரம் ஆயிற்று. காரணம் சொல்வதற்கு முன் பிள்ளைத்தமிழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

குமரகுருபரர் இந்தக் காவிரி நாட்டுடன் நெருங்கிய தொடர்புடையவர். மயிலாடுதுறையை அடுத்த தருமபுரத்து ஆதீனத்தில் உபதேசம் பெற்றவர். வைத்தீசுவரன் கோயில் முருகன் மேல் ஒரு பிள்ளைத்தமிழும் மதுரை மீனாட்சி மேல் ஒரு பிள்ளைத்தமிழும் பாடினார். குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்துப் பாடுவது இலக்கணம். முதல் ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. கடைசி மூன்றில்தான் பாதை பிரிகிறது. ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். முத்துக்குமாரசுவாமி தேர் உருட்டிக்கொண்டு போகிறார். மீனாட்சி ஊஞ்சலில் ஆடுகிறாள். ஊஞ்சல் அழகான வஸ்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு வீசி ஆடினாலும் அது கட்டிய இடத்தை விட்டு ஓர் அங்குலம் போகாது. புலவர் பேரில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வீட்டில் கண்டதைத்தானே பாட்டில் வைப்பார்கள்! ஆடிப் பெருக்கன்று சப்பரக் கயிறு பெரும்பாலும் பையன்கள் கையில் இருந்ததையும் அன்று கவனித்தோம்.

நாம் 1983 முதல் எட்டு வருஷ காலம் குத்தாலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். நம் ஒரே பெண் அங்கேதான் வளர்ந்தாள். மணிக்கு ஐம்பது பைசாவுக்கு வாடகைக்கு எடுத்த முக்கால் சைக்கிளில், கம்பிக்குள் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டாள். முழங்காலில் தழும்பு இல்லாத நாள் கிடையாது. உயர்நிலைப் பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டரில் இருந்தபடியால் பிறகு ஒரு சைக்கிளும் வாங்கிக் கொடுத்தோம். நம் தாயாருக்கு இது அறவே பிடிக்கவில்லை. "பெண் குழந்தைக்குச் சைக்கிள் எதற்கடா? விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் நாளைக்கு எவன் பண்ணிக்கொள்வான்?" என்பார். வாய்க்கால் கரை வழியே நம் பெண் மணியடித்துக்கொண்டு போவதைத் திண்ணையிலிருந்து பார்க்கும்போது அவர் முகத்தில் தோன்றும் பாவத்தை வர்ணிக்க நம்மால் ஆகாது.

பதின்மூன்றாவது வயதில் குழந்தை பெரியவளானாள். பாட்டியின் கட்சி வலுத்துவிட்டது. பதினாறு நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றும், அதற்குப் பிறகும் சைக்கிள் கூடாது என்றும் தீர்ப்பாயிற்று. சைக்கிள் கொல்லைத் தாழ்வாரத்தில் மாட்டுக் கொட்டிலை ஒட்டிச் சாத்தி வைக்கப்பட்டது. பெண் அழவில்லை, சாப்பிட மறுக்கவுமில்லை. மூன்றாம் நாள் சைக்கிளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கூடை பின்னுவதற்கு வாங்கிய ஒயர் வீட்டில் இருந்தது. அதைக் கம்பியில் சுற்ற ஆரம்பித்தாள். உடைந்த வளையல் துண்டுகள், சாக்லேட் காகிதம், பழைய பாசிமணி எல்லாம் ஒவ்வொன்றாய் ஏறின. பொழுது போகாமல் பாட்டி எட்டிப் பார்த்தார். "முடிச்சு அப்படிப் போடக் கூடாதடீ, அசடே, அவிழ்ந்துவிடும்" என்று மணையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜடைக் குஞ்சலம் கட்டுவதில் அவர் கை தேர்ந்தவர். சிவப்பும் நீலமுமான கம்பளி நூலில் இரண்டு அச்சுகளுக்கும் அவர் முடைந்த குஞ்சங்களைப் போல் நாம் எந்தத் தேரிலும் கண்டதில்லை. பாட்டியும் பேத்தியும் பத்து நாளைக்கு மேல் வேலை செய்தார்கள். அந்தத் தாழ்வாரத்தில் கேட்ட சிரிப்பு, அதற்கு முன்பும் பின்பும் நம் வீட்டில் கேட்டதில்லை.

பதினேழாம் நாள் புண்யாகவாசனம் முடிந்து பந்துக்கள் ஊருக்குப் புறப்பட்டதும் தாயார் கொல்லைப்புறம் போய்ச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இத்தனை பாடுபட்டுச் செய்ததை மாடா பார்த்து ரஸிக்கப் போகிறது? தெருக் கோடி வரைக்கும் ஒரு தடவை விட்டுக் காட்டு" என்றார். பெண் தெருக் கோடிக்குப் போய் வந்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் அதிலேதான் போனாள். தீர்ப்பை யாரும் ரத்து செய்யவில்லை. அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவும் இல்லை.

ரப்பர் டயரில் காற்றை அடைத்து முதன் முதலில் அதை உபயோகத்துக்குக் கொண்டு வந்தவரும் ஒரு தகப்பனார்தான். பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த டன்லப், தம் சிறு பையனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காக அதைச் செய்து பார்த்து, 1888-ல் பேடண்டு வாங்கினார். அவர் வைத்த காற்றில் நம் நாட்டுப் பெண்கள் ஊர்ந்து செல்ல ஒரு நூற்றாண்டு பிடித்தது. புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தது. அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் துணை. கல் உடைக்கும் பெண்களும் பூ விற்கும் பெண்களும் கற்றுக்கொண்டார்கள். ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே பலர் விரும்பினார்களாம். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்ற யோசனை! 1992-ல் பெண்கள் தினத்தன்று கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500-க்கு மேற்பட்ட ஸ்திரீகள் புதுக்கோட்டைத் தெருக்களில் பவனி வந்தார்கள். பிறகு 2001-ஆம் வருஷத்திலிருந்து ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குச் சர்க்கார் இலவச சைக்கிள் கொடுத்தது; 2005-லிருந்து மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலோருக்கும் அது விரிந்தது.

சர்க்கார் சைக்கிளில் ஒரு சங்கடம்: எல்லாம் ஒரே வர்ணம், ஒரே உயரம். ஆகவே தன் வண்டி எது என்று தெரிவதற்காகப் பெண்கள் ஆளுக்கொரு அடையாளம் செய்துகொள்கிறார்கள். குத்தாலத்தில் எதிர்ப்பட்ட சைக்கிள்கள் சிலவற்றிலும் அதைக் கண்டோம். ஒன்றில் ரிப்பன், ஒன்றில் தீப்பெட்டிப் படம், ஒன்றில் நட்சத்திர ஒட்டுக் காகிதம், இன்னொன்றில், என்ன வேண்டுதலோ, மஞ்சள் துணியில் முடிந்த காசு.

பெரியவர் பேத்தியுடன் வந்து சேர்ந்தார். பொம்மை எதற்கு அம்மா என்று அந்தக் குழந்தையைக் கேட்டோம். மேட்டில் ஏறினால் 'ஆமாம்' என்றும், திருப்பத்தில் திரும்பினால் 'இல்லை' என்றும் அது சொல்லுமாம். "அடுத்த வருஷம் நானே ஓட்டுவேன். தாத்தா பின்னாடி உக்காந்துக்குவாரு" என்றும் தெரிவித்தாள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தலையாட்டிப் பொம்மையைப் போலவே தலையை அசைத்தார். 'ஆமாமா', 'இல்லையா' என்று நமக்கு விளங்கவில்லை.

நம் பெண் பதினோராம் வகுப்பில் சேர்ந்த அன்று அலங்காரம் முழுவதையும் தானே அவிழ்த்துவிட்டாள். நூல் சாயம் போயிருந்தது. தோழிகள் கேலி செய்தார்களோ என்னவோ. குஞ்சங்களைப் பாட்டி வாங்கித் தம் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார். இப்போது பாட்டி இல்லை. பெண் மணமாகி வெகு தூரத்தில், சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டிருக்கும் ஊரில் வசிக்கிறாள். உத்தியோகத்துக்கு அதில்தான் போகிறாள்.

அன்று இரவு டெலிபோனில் விஷயத்தைச் சொன்னோம். மயிலிறகு, காற்றாடி, பொம்மை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"குஞ்சம் எப்படி இருந்தது, அப்பா? கையால் முடைந்ததா?" என்றாள்.

"இல்லை அம்மா, கடையில் வாங்கினது."

"அப்படியானால் சுமார்தான்" என்றாள் நம் பெண்.